ஹேபர்பீல்டில் ஒரு வீடு

சிட்னியிலிருந்து பரமட்டா நோக்கிப் போடப்பட்ட இருப்புப்பாதை 1855-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் முதல் வண்டி ஓடியது 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். இரண்டிற்கும் இடையே ஒன்பது மாதங்களே. இரயில்வேயில் ஊழியம் செய்பவருக்கு எந்த ஊரும் முதலில் இருப்புப்பாதையாகவே கண்ணில் படும், நேயர்கள் பொறுத்தருள்க. அப்பாதையில் அன்றே திறக்கப்பட்ட நிலையங்களுள் ஒன்று ஆஷ்பீல்டு. அங்கே இறங்கி வடக்கு நோக்கி அரை மணிக்குள் நடந்து சேரக்கூடிய பழைய குடியிருப்புக்கு ஹேபர்பீல்டு என்று பெயர். அங்குள்ள ஒரு வீட்டைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில், பிள்ளையோ பெண்ணோ ஆஸ்திரேலியாவில் இல்லாத வீடுகளை எண்ணிவிடலாம். அவர்கள் அனுப்பும் படங்களில் சிவந்த ஓட்டுக் கூரையும் பசும்புல்லும் தாழ்ந்த வேலியுமாக ஒரு வீடு காணப்படும். பார்த்தவர்கள், "நன்றாகக் காலூன்றிவிட்டார்கள்" என்று கூறி மகிழ்வார்கள். குவார்ட்டர்ஸிலும் வாடகை ஜாகையிலுமாக ஆயுளைக் கழிக்கும் நமக்கு அந்தப் படம் ஏக்கத்தைத் தருவது இயல்பே. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எம் பெரியம்மாவைத் துணையாக அழைத்துச் சென்று, அவர் மகனும் எமக்குத் தமையனுமானவர் இல்லத்தில் சேர்க்கும் பொறுப்பு எம்மைச் சேர்ந்தது. மூன்று வாரம் அங்கே தங்கினோம். கங்காரு பார்த்தீர்களா என்று திரும்பிய நாள் முதல் பலரும் கேட்கிறார்கள். ஹேபர்பீல்டில் கங்காரு கிடையாது. ஆனால் பார்க்கவேண்டிய வேறு பல உண்டு.

அந்நிலம் ஆதியில் காடிகல், வாங்கல் என்னும் தொல்குடியினருக்கு உரியது. அவர்களைக் கேளாமலே ஆங்கில அரசாங்கம் 1803-இல் அதனை நிக்கலஸ் பெய்லி என்பவருக்கு மானியமாக எழுதிக் கொடுத்தது. இரண்டு ஆண்டுகளில் அது சைமியன் லார்டு என்னும் வணிகரிடம் விலையாயிற்று. அவர் தம் மகள் ஸாராவை 1825-இல் டேவிட் ராம்சே என்னும் மருத்துவருக்கு மணம் செய்வித்தபோது அந்நிலத்தைச் சீதனமாக அளித்தார். கடைத்தெருவின் பெயர் இன்றும் ராம்சே தெருதான். அதனைக் குறுக்கே வெட்டும் தெருவின் பெயரைக் கண்டதும் நாம் நின்றுவிட்டோம்: டல்ஹௌசி தெரு! இந்தியாவில் இருப்புப்பாதை போடவேண்டுமென்று 1853-இல் புகழ்பெற்ற குறிப்பை எழுதிய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் குடிப்பெயரும் ராம்சேதான். டல்ஹௌசி என்பது ஸ்காட்லாந்தில் அக்குடியின் தலைமைப் பட்டம். நமக்குச் சோறு போடும் இலாகாவின் மூலபுருஷர் கடல் கடந்த ஊரில் ஒரு தெருப்பலகையில் எதிர்ப்பட்டதைத் தமையனாரிடம் கூறினோம். அவர் நான்கு ஆண்டுகளாக அந்தத் தெருவில் காய்கறி வாங்கி வருபவர். இதனை இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

மேய்ச்சலும் தோட்டமுமாயிருந்த நிலம் ஊரானது 1901-ஆம் ஆண்டில். வீட்டுமனை வணிகரான ரிச்சர்டு ஸ்டாண்டன் என்பவர் அவ்வாண்டு அதில் ஒரு பகுதியை வாங்கி மனைகளாக்கினார். தோட்ட நகரம் என்னும் கொள்கையை எபனேசர் ஹோவர்டு என்பவர் இங்கிலாந்தில் 1898-இல் நூலாக வெளியிட்டிருந்தார். அக்கொள்கையை ஒட்டி லெட்ச்வொர்த் நகரம் அங்கே தொடங்கியது 1903-இல். ஸ்டாண்டனோ அதற்கும் முன்னதாக ஆரம்பித்துவிட்டார். மனை வாங்குவோர் அனைவரும் சில நிபந்தனைகளுக்குக் கட்டுப்படவேண்டும்: ஒரு மனையில் ஒரே வீடு, அதற்கும் மேல்மாடி கூடாது, சுவர் செங்கல்லாகவோ கருங்கல்லாகவோ இருத்தல் வேண்டும், கூரை ஓடாகவோ கற்பலகையாகவோ இருத்தல் வேண்டும். சிற்பி ஒருவரை அமர்த்தி, ஒன்றைப் போல் மற்றொன்று இராதபடி வீடுகளை வரையச் செய்தார். நெரிசற் குடிசை இல்லை, சந்து இல்லை, மதுச்சாலை இல்லை என்பது அவர் கொடுத்த விளம்பரம்.

சந்து இல்லை என்பதில் என்ன பெருமை என்று சிலர் கேட்கக்கூடும். சிட்னியின் பழைய பேட்டைகளில் வீடுகளின் பின்புறம் ஒரு சந்து விடப்பட்டிருக்கும். இரவில் மலம் அள்ளுவோர் வண்டியுடன் வந்து, கொல்லைக் கக்கூஸின் வாளியை எடுத்துச் செல்வதற்கென அமைந்த வழி அது. ஸ்டாண்டன் மனைகளை விற்குமுன்னரே சாக்கடைக் குழாய் போட்டுவிட்டபடியால், வாளியும் தேவையில்லை, வண்டியும் தேவையில்லை, சந்தும் தேவையில்லை. அத்தகைய சந்துகள் நம் நகரங்களிலும் உண்டு. அவற்றில் யார் நடந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பதும் நாம் அறியாததன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மனை வணிகர் இலாபத்தை எண்ணியே செய்தாராயினும், குழாய் ஒன்றினால் ஒரு சந்தை ஒழித்தார் என்பதை நாம் சிறிதாக எண்ணவில்லை.

தெருக்களுக்கு அவர் பெயரிட்ட விதம் வேறொரு கதை. 1901-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்தான் ஆஸ்திரேலியக் கூட்டரசு உதயமாயிற்று. புது மந்திரிசபையின் மந்திரிகளையே தெருப்பெயர்களாக்கினார் ஸ்டாண்டன்: பார்ட்டன், டீக்கின், பாரஸ்ட், கிங்ஸ்டன், டர்னர், ஓகானர். அந்த மந்திரிசபை அதே ஆண்டில் நிறைவேற்றிய முதன்மையான சட்டங்களுள் ஒன்று குடியேற்றத் தடைச் சட்டம். ஐரோப்பிய மொழி ஏதேனும் ஒன்றில் ஐம்பது சொற்களை அதிகாரி படிப்பார். வந்தவர் பிழையின்றி எழுதவேண்டும். ஆங்கிலம் அறிந்தவருக்கு வேறொரு மொழியைக் கொடுக்கலாம். எழுதவைத்துத் தோற்கடிப்பதற்கென்றே ஏற்பட்ட பரீட்சை. அட்டர்னி ஜெனரலாக இருந்து இச்சட்டத்திற்காகப் பாராளுமன்றத்தில் வாதாடிய டீக்கின், நம் நாட்டை அறியாதவரும் அல்லர். இங்கு வந்து நீர்ப்பாசனத்தை ஆராய்ந்து 1893-இல் நூலே எழுதியவர். அப்பரீட்சை 1958-இல் எடுக்கப்பட்டது; 1966-இல் கதவு சற்றுத் திறந்தது; நிறவேற்றுமை அடியோடு நீங்கியது 1973-இல். இன்று டீக்கின் நிழற்சாலையில் எம் தமையனார் மகள், ஒன்பது வயதுச் சிறுமி, திருக்குறளைப் பாராமற் சொல்லிக்கொண்டே பள்ளிக்கு நடக்கிறாள். பெயர்ப்பலகையை மாற்றவேண்டுமென்று யாம் கூறவில்லை. அது அங்கேயே இருந்து இக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதே தக்கது.

இனி வீட்டிற்கு வருவோம்.

தாழ்ந்த செங்கற்சுவரும் சிறு மரக்கதவும் தெருவை எல்லையிடுகின்றன. கதவிலிருந்து வாயிற்படி வரையில் செம்மை, கருமை, வெண்மை என மூன்று நிறச் சிற்றோடுகளைக் கோலம் போலப் பதித்த நடைபாதை. பெரியம்மா முதல் நாள் அதில் கால்வைக்கத் தயங்கினார். யாரோ போட்ட கோலத்தை மிதிப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. சுவர் சிவந்த செங்கல், பூச்சு இல்லை. கூரையில் மார்செய்ல்ஸ் ஓடு. பிரான்சு தேசத்திலிருந்து கப்பலில் வந்து, பின்னர் உள்நாட்டிலேயே செய்யப்பட்ட இது, நம் மங்களூர் ஓட்டிற்குத் தாயாதி முறை. கூரையின் முகட்டில் சுட்ட மண்ணாலான கொம்புகளும் பூவேலையும். புகைபோக்கிகள் உயரமாக நிற்கின்றன. சன்னல்களின் மேற்பகுதியில் ஈயப் பட்டைகளால் இணைத்த வண்ணக் கண்ணாடி. அதில் அந்நாட்டுப் பூக்கள். நடுவே நீண்ட நடை; இருமருங்கும் அறைகள்; ஒவ்வோர் அறையிலும் கணப்பு அடுப்பு. அடுக்களை கடைசியில். இதுவரை கும்பகோணத்து வீட்டு அமைப்பை எண்ணிக்கொண்டே நடந்துவிடலாம். முற்றம் மட்டுந்தான் இல்லை.

முன்புறத்துத் தாழ்வாரத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வராந்தா என்ற சொல் ஆங்கிலத்திற்கு இந்தியாவிலிருந்து சென்றது. அதன்பின் அது ஆஸ்திரேலியாவில் எல்லா வீட்டின் முகத்திலும் ஏறிக்கொண்டது. இங்கே அது கூரையின் சரிவிற்குள்ளேயே அடங்கி, மரச் சித்திரவேலையுடன் அழகாக இருக்கிறது. பெரியம்மா அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காலை எட்டிலிருந்து பத்து மணி வரையில் தெருவில் போனவர்கள் ஐவர். நால்வர் நாயுடன். அனைவரும் புன்னகையுடன் கையசைத்தார்கள், ஒருவரும் நிற்கவில்லை. நம் திண்ணை, வீட்டிற்கு வெளியே வழிப்போக்கர்க்கென்று விட்ட இடம். யாரும் கேளாமல் உட்காரலாம். இந்த வராந்தாவோ வேலிக்கு உள்ளே அமைந்தது. தெருவுக்கு அழகு காட்டுகிறது. தெருவை உட்கார வைப்பதில்லை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் முதலில் ஏமாந்துபோகிறோம். ஆனால் மற்றொன்றும் சொல்லவேண்டும். நம் திண்ணையில் யார் யார் உட்காரலாம் என்பதற்கும் அக்காலத்தில் கணக்கு இருந்தது. அந்த வராந்தாவுக்குத் தபால் கொண்டுவரும் பெண்ணும் குழாய் செப்பனிட வருபவரும் ஒரே படியில் ஏறி ஒரே மணியை அடிக்கிறார்கள்.

ஆகஸ்டு அங்கே மாரிக்காலத்தின் கடைசி. விடியற்காலையில் வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கிவிடும். வெயிலுக்கென்றே உயர்த்திக் கட்டிய கூரையும் பெரிய அறைகளும் குளிருக்கு அடங்குவதில்லை. சன்னலோரத்தில் காற்று சீழ்க்கையடிக்கிறது. படத்தில் தெரியாத விஷயம் இது. வீட்டிற்குள்ளே கம்பளிச் சட்டையும் காலுறையுமாக நடமாடினோம். இன்னொரு வேடிக்கை: பூமத்தியரேகைக்கு மிகவும் தெற்கே இருப்பதால் கதிரவன் வடபுறமாகவே செல்கிறான். வடக்கு நோக்கிய அறைக்கே மதிப்பு. எம் தமையனார் வீடு தெற்குப் பார்த்த வாயில். கொல்லைப்புறமே வெயில் முகம். தெருவை நோக்கியே வீடு நிற்கவேண்டுமென்று வகுத்த ஸ்டாண்டன் கதிரவனைக் கலந்துகொள்ளவில்லை போலும். கோடையில் வெப்பம் நாற்பதைத் தொட்ட நாளின் மாலையில் திடீரெனத் தெற்கிலிருந்து காற்றெழுந்து ஒரு மணிக்குள் பத்துப் பாகைக்கு மேல் குறைத்துவிடும் என்றார் தமையனார். தென்றல்தான், ஆயினும் கதவைப் பிடுங்கும் தென்றல்.

கொல்லையில் ஓர் எலுமிச்சை, ஓர் அத்தி, துணி உலர்த்தச் சுழலும் கம்பிக்குடை. தொட்டியில் பெரியம்மாவுக்காக முன்கூட்டியே வாங்கி வைத்த கறிவேப்பிலை. இரவானால் கூரைக்குள்ளிருந்து தடதடவென்று சத்தம். பாஸம் என்னும் பிராணி. பூனையளவு, உருண்ட கண், புதர்போன்ற வால். அது அரசாங்கத்தின் காப்பிலுள்ள ஜீவன்; விருப்பம்போல் பிடித்து எங்கேனும் விட்டுவிட முடியாது. அனுமதி பெற்றுப் பிடித்தாலும் பக்கத்திலேயே விடவேண்டும். அன்றிரவே அது திரும்பி வரும். "குடியிருக்கிறவனுக்கு இல்லாத பாத்தியதை கூரையிலிருக்கிறதற்கு இருக்கிறது" என்று தமையனார் நகைத்தபோது அதன் பொருள் எமக்கு விளங்கவில்லை. பின்னர் விளங்கிற்று.

அண்டை வீட்டில் ஒரு பாட்டியம்மாள். இத்தாலியில் லிபாரித் தீவிலிருந்து பதினெட்டு வயதில் 1950-களின் இறுதியில் கப்பலேறி வந்தவர். ஹேபர்பீல்டின் பிற்காலக் கதை பெரும்பாலும் அவரைப் போன்றவர்களின் கதை. உலகப் போருக்குப் பின் வெள்ளையர் பலர் புதிய வீடுகளை நாடி வெளிப்புறங்களுக்குப் போய்விட, பக்கத்து லைக்கார்ட்டிலிருந்த இத்தாலியர் இப்பழைய வீடுகளை வாங்கினர். ராம்சே தெருவில் ரொட்டிக்கடையும் பலகாரக்கடையும் பாலாடைக்கட்டிக் கடையும் எழுந்தன. முன்தோட்டத்து ரோஜாவுக்குப் பதில் தக்காளி வைத்தார்கள். மரச்சன்னலை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டார்கள். பழமையைப் போற்றுவோர் அக்காலத்தில் இதனைக் குறையாகப் பேசினார்கள். எம் அபிப்பிராயம் வேறு. யாரும் விரும்பாத காலத்தில் அவ்வீடுகளில் விளக்கேற்றி, ஒழுகின ஓட்டை மாற்றி, நிலைநிறுத்தியவர்கள் அவர்களே. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வராது; பாட்டியம்மாளுக்கு அறுபத்தைந்து ஆண்டு கழித்தும் அது அரைகுறைதான். வேலி மேலாக எலுமிச்சம்பழம் இங்கே வரும், முறுக்கு அங்கே போகும். இருவரும் தத்தம் பாஷையிலேயே நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். முழங்கால் வலிக்கு இருவரும் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுவதைப் பார்த்தோம்.

வீட்டைச் சுற்றியுள்ளவற்றை விரைந்து கூறிவிடலாம். வேலிக்கும் சாலைக்கும் இடையிலுள்ள புல்தரை நகரசபையின் சொத்து. வெட்டவேண்டியவர் மட்டும் குடியிருப்பவர். குப்பைத்தொட்டிகள் மூன்று, சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, பச்சை மூடி. எதில் எதைப் போடுவதென்பதில் அண்ணியாருக்குள்ள கண்டிப்பு நம் பார்சல் ஆபீஸில்கூட இல்லை. கிழக்கெல்லையில் ஹாதோர்ன் கால்வாய், முன்னாளில் சிற்றோடையாயிருந்தது. அதன் கரையோரமாகச் சரக்கு வண்டிகள் மட்டும் ஓடிய பழைய பாதையில் 2014 முதல் பயணிகளுக்கான இலகு இரயில் ஓடுகிறது. கைவிடப்பட்ட ஒரு கிளைப்பாதை மறுபிறவி எடுத்ததைக் காண்பது நம் போன்றவர்க்கு ஒரு தனி மகிழ்ச்சி. இரண்டு நாள் அதிலேயே போய்வந்தோம். அந்தி வேளையில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டங்கூட்டமாக வானில் செல்லும். வெண்ணிற நீள்மூக்கு நாரை ஒன்று குப்பைத்தொட்டியைக் கிளறும். அதனை அவ்வூரார் கேலி செய்கிறார்கள்.

நிற்க. 1970-களிலிருந்து இவ்வூரைக் காக்கவேண்டுமென்னும் எண்ணம் வலுத்தது. இன்று ஊர் முழுவதுமே பாதுகாக்கப்பட்ட பகுதி. மேல்மாடி எழுப்பலாகாது, வேண்டுமானால் கூரைக்குள்ளே தெருவுக்குத் தெரியாமல் அறை அமைக்கலாம். முன்தோட்டத்தைச் சிமெண்டு தரையாக்கி வண்டி நிறுத்தலாகாது. அசல் ஓடு, அசல் கண்ணாடி, அசல் வேலி, அசல் புகைபோக்கி, யாவற்றிற்கும் விதி உண்டு. நம் ஊர்களில் தூண்களும் கதவுகளும் பழைய சாமான் கடைக்குப் போவதைக் கண்டு வருந்தியுள்ள நமக்கு இது பொறாமை தருவதே.

ஆனால் இரண்டு செய்திகள் எம் மனத்தை உறுத்தின. ஒன்று, இத்தனை விதிகளையும் மீறி வீடுகள் இடிபட்டிருக்கின்றன என்பது. இடித்தது குடியிருப்பவர் அல்லர். வெஸ்ட்கனெக்ஸ் என்னும் பெருஞ்சாலைத் திட்டத்திற்காக மாநில அரசாங்கமே 2015, 2016 ஆண்டுகளில் ஹேபர்பீல்டிலும் ஆஷ்பீல்டிலும் பல வீடுகளைக் கையகப்படுத்தித் தரைமட்டமாக்கிற்று. 2019 ஜூலையில் சுரங்கச்சாலை திறந்தது. சன்னலின் சட்டத்தை மாற்ற ஒரு குடும்பம் விண்ணப்பம் எழுதிக் காத்திருந்த அதே ஊரில், மண்வாரி இயந்திரம் ஒரு காலைப் பொழுதில் முழு வீட்டையும் வாரிக்கொண்டு போயிற்று. இன்றும் பரமட்டா சாலையோரம் அந்த வெறுமை தெரிகிறது.

இரண்டாவது, எம் தமையனார் அவ்வீட்டிற்கு உரியவர் அல்லர் என்பது. நான்காண்டுகளாக அவர் வாடகைக்கு இருப்பவர். கணவர் ஒரு மருத்துவமனையில் மின்பொறிஞர், மனைவி செவிலி. இருவர் ஊதியத்தில் ஒருவருடையது ஏறக்குறைய முழுதும் வாரந்தோறும் வாடகையாகப் போகும். அங்கே வாடகையை வாரக் கணக்கிலேயே பேசுகிறார்கள். அப்படியிருக்க, வீட்டுக்காரர் விற்க முடிவுசெய்துவிட்டார். நாம் போய் இறங்கிய அன்று வேலியோரம் விளம்பரப் பலகை நட்டிருந்தது. படத்தில் அதே வராந்தா. அதன்மேல் பெரிய எழுத்தில், இது ஓர் அருமையான குடும்ப இல்லம் என்னும் பொருள்படும் வாசகம்.

சனிக்கிழமைதோறும் அரைமணி நேரம் வீட்டைப் பார்க்க வருவார்கள். அந்த அரைமணியில் குடும்பத்தார் வெளியே இருப்பது நல்லதென்று தரகர் பணிவுடன் கேட்டுக்கொண்டார். பூஜை அலமாரியைத் துணியால் மூடினால் அறை பெரிதாகத் தோன்றும் என்றும் கூறினார். அடுக்களைத் தாளிப்பு வாசனை போகச் சன்னலைத் திறந்து வைத்தாயிற்று. வருபவர்களை விருந்தினரென்று கருதிய பெரியம்மா, "எத்தனை பேருக்குக் காப்பி போடவேண்டும்?" என்று கேட்டார். அண்ணியாரால் விடை சொல்ல முடியவில்லை. நாங்கள் ஐவரும் எதிர்ப் பூங்காவின் பெஞ்சில் குளிரில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக, வாயிலில் காலணிக்குமேல் உறை போட்டுக்கொண்டு, நம் வீட்டிற்குள் போவதையும் வருவதையும் பார்த்தோம். சிறுமி மட்டும் ஒவ்வொருவரையும் எண்ணினாள். நாற்பத்தொன்று.

மூன்றாம் சனிக்கிழமை ஏலம். அது நீதிமன்றத்திலோ ஆபீஸிலோ நடப்பதன்று. வீட்டு வாயிலிலேயே நடக்கிறது. ஏலக்காரர் கோட்டு அணிந்து, அந்தக் கோல நடைபாதையின்மேல் நின்றார். தெருவே வந்து கூடிவிட்டது. மூன்று வாரத்தில் அத்தெருவில் அவ்வளவு மனிதர்களைப் பார்த்தது அன்றுதான். இலட்சம் இலட்சமாக ஏறி, பிறகு பத்தாயிரமாக, பிறகு ஐயாயிரமாக ஏறிற்று. கடைசியில் இருவரே எஞ்சினர். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். அதே மூன்றுதரந்தான் அங்கும். இருபத்தைந்து இலட்சம் டாலரைத் தாண்டிச் சுத்தியல் விழுந்தது. நம் ரூபாயில் பதினான்கு கோடிக்கு மேல். ஏலத்தில் எடுத்தவர் பின்வாங்க இயலாது. அன்றே முன்பணம் கட்டவேண்டும். எடுத்தவர்கள் இளந்தம்பதியர், கைக்குழந்தையுடன் வந்திருந்தார்கள். அந்தப் பெண் அழுதுவிட்டாள். பல சனிக்கிழமைகளில் பல வாயில்களில் தோற்றவர்களாம். அவர்கள்மேல் யாருக்கும் வருத்தம் தோன்றவில்லை. அண்ணியாரே போய் வாழ்த்துக் கூறிவிட்டு வந்தார்.

காரணம் காட்டாமல் குடித்தனக்காரரை எழுப்பக்கூடாதென்று அம்மாநிலத்தில் 2025 மே முதல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. நல்ல திருத்தம். ஆனால் விற்பனை என்பது சட்டம் ஏற்கும் காரணம். ஓடு இருக்கும் இடத்தில் இருக்கவேண்டும். வண்ணக் கண்ணாடி இருக்கும் இடத்தில் இருக்கவேண்டும். பாஸம்கூட இருக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும். இவற்றிற்கெல்லாம் எழுதப்பட்ட பாதுகாப்பு உண்டு. அவ்வீட்டில் நான்காண்டு விளக்கேற்றிய குடும்பத்திற்கு உரியது சில வார அவகாசம். குவார்ட்டர்ஸில் பிறந்து, மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் பெட்டி கட்டி, ஓய்வு பெற்றதும் காலிசெய்து கொடுக்கும் நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை அழகான ஒரு வீட்டைக் காப்பதற்கு அறிவும் உழைப்பும் செலவிட்ட ஒரு சமூகம், வீட்டிற்குள் இருப்பவரைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக நினைத்திருப்பது எமக்கு வியப்பாகவே இருக்கிறது. தெருமுழுதும் ஒரே ஒரு மாடி, ஒரு மனைக்கு ஒரே ஒரு வீடு என்று கட்டுப்பாடு செய்தால், அத்தெருவில் வாழ விரும்புவோர் எண்ணிக்கை கூடக்கூட விலையும் கூடாமல் எங்கே போகும்? நகரத்திற்கு அருகே, இரயிலுக்கு அருகே உள்ள நிலம் அது. பழமையும் வேண்டும், பலருக்கும் இடம் வேண்டும் என்றால் இரண்டையும் எப்படி இணைப்பது என்று அந்நாட்டார் இப்போது பலமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டியம்மாளைக் கேட்டிருந்தால், "நாங்கள் வந்தபோது யாரும் வேண்டாமென்ற வீடு இது" என்று சொல்லியிருப்பார்.

நாம் திரும்பிய இரண்டு மாதத்தில் அவர்கள் வீட்டை மாற்றினார்கள். ஆஷ்பீல்டு நிலையத்திற்கு அருகே அடுக்குமாடிக் கட்டிடத்தில் நான்காம் மாடி, இரண்டு படுக்கையறை. சிறுமி அதே பள்ளிக்கு இப்போது பஸ்ஸில் போகிறாள். பெரியம்மா என்ன ஆவாரோ என்றுதான் எல்லோரும் கவலைப்பட்டோம். சென்ற வாரம் தொலைபேசியில் அரைமணி நேரம் பேசினார். எதிர் வீட்டில் ஒரு நேபாளத்துக் கிழவி; இருவரும் மாலையில் கீழே இறங்கி நிலையத்து வாயிலில் உட்காருகிறார்கள். அங்கே சீனர், நேபாளியர், நம்மவர் எல்லோரும் போகவும் வரவுமாக இருப்பதால் பொழுது போவதே தெரியவில்லையாம். வண்டி எட்டுப் பெட்டி. ஒவ்வொன்றிலும் கீழும் மேலுமாக இரண்டு தட்டு. "மேலே அத்தனை பேர் ஏறினால் வளைவில் சாயாதா, நீ இரயில்வேக்காரன்தானே, சொல்" என்று கேட்டார். கனமான பாகமெல்லாம் அடியில் இருப்பதை விளக்கினோம். நம்பினாரா என்பது ஐயம். அத்தி மரத்தை எடுத்துப்போக முடியவில்லை. கறிவேப்பிலைத் தொட்டி மட்டும் வந்து மாடி முகப்பில் இருக்கிறது. அந்த முகப்பு வடக்குப் பார்த்தது. பழைய வீட்டின் தெற்கு வராந்தாவில் துளிர்க்காத செடி இங்கே இரண்டு முழம் வளர்ந்துவிட்டதாம்.